தலையில்லாப் பாம்பு

கீரி வளர்த்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வளர்க்காதவர்கள். நான் வளர்த்தும் இருக்கிறேன். வளர்க்காதவனைப் போல நிறையப் பேசியும் இருக்கிறேன். அந்தப் பேச்சால் எங்கள் தெருவில் ஒரு குழந்தை தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டது. கடித்தது கீரிதான். ஆனால் அந்தக் கீரியை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் வாய்.

இலுப்பூரில் 1980களின் தொடக்கத்தில் நடந்தது இது. விராலிமலையிலிருந்து அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். செம்மண், பாறை, கருவைக்காடு. மழை நம்பிக் கடலை போடுவார்கள். அப்படி ஒரு கொல்லையில் கருவையை வெட்டிக் கல்குமியைப் பிரித்தபோது மூன்று கீரிக்குட்டிகள் கிடைத்தன. தாய் ஓடிவிட்டது. ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். மற்ற இரண்டையும் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஓரளவு தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு யாராவது அப்படிக் குட்டியைத் தூக்கி வந்தால் வனத்துறை வீட்டு வாசலில் நிற்கும். நிற்கத்தான் வேண்டும்.

பாலில் நனைத்த துணித்திரியைச் சப்பி வளர்ந்தது. கொஞ்ச நாளிலேயே கருவாட்டு வாடைக்குத் திரும்பிப் பார்த்தது. பகலெல்லாம் வீட்டை அளந்தது. அடுப்படி, உரல் குழி, அரிசி மூட்டைக்குப் பின்பக்கம், அப்பாவின் செருப்பு என்று மூக்கை நுழைக்காத இடம் கிடையாது. அப்பாவுக்கு யூனியன் ஆபீசில் வேலை. "எங்க ஓவர்சியரும் இப்படித்தான், எங்க குழி தோண்டுனாலும் எட்டிப் பாத்துட்டுத்தான் போவாரு" என்றார். அதுவே பெயராகிவிட்டது. ஓவர்சியர் வந்தாச்சா, ஓவர்சியர் சாப்பிட்டாச்சா என்று அம்மாகூடக் கேட்பாள். அப்பத்தா மட்டும் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இது வீட்டுல கெடக்குற சாதியாடா?" என்பது அவள் கட்சி.

அப்பத்தா கோழி வளர்த்தாள், அதனால் அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. உமிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்த முட்டையை ஓவர்சியர் ஒருநாள் உருட்டி வெளியே கொண்டுவந்தது. கடித்தால் வழுக்குகிறது. உடனே சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முன்னங்கால் இரண்டாலும் முட்டையைப் பிடித்து, பின்னங்கால்களின் இடுக்கு வழியாகப் பின்னால் வீசியது. முட்டை சுவரில் பட்டு உடைந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தாயைப் பார்த்துக் கற்கவும் அதற்கு நேரம் கிடைத்திருக்காது. கீரி இனத்துக்கே உள்ள பழக்கம் இது என்று பல வருடங்கள் கழித்துப் படித்தேன். அன்றைக்கு மந்திரம் பார்த்தது போல உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு உருண்டையான எதுவும் வீட்டில் தப்பவில்லை. ஊறுகாய் எலுமிச்சை, கொட்டைப்பாக்கு, என் கோலிக்குண்டு, கடைசியில் அப்பாவின் மைக்கூடு. அந்தச் சுவர் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை நீலமாகவே இருந்தது.

என்னிடம் அதற்குப் பாசம் என்று நம்பினேன். குளிர் நாளில் சட்டைக்குள் புகுந்து அக்குளுக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஓடி வந்து என் பையை முகர்ந்துவிட்டு, பின்பக்கத்தை அதன்மேல் தேய்க்கும். அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு, அந்த வாடையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வாலடியில் இருக்கும் சுரப்பியால் புதிய பொருள் எதையும் அது அடையாளமிடும். என் பைக்குச் செய்ததை வாசலில் வந்து விழுந்த ஓலைமட்டைக்கும் செய்தது. அக்குளைத் தேடியது சூட்டுக்காக. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நான் கூப்பிட்டு அது வந்ததே இல்லை. என் கையில் ஏதாவது இருந்தால் வரும்.

தின்னும்போது அது வேறு பிராணி. முடியெல்லாம் சிலிர்த்து உடம்பு இரண்டு மடங்காகும், வால் பாட்டில் கழுவும் பிரஷ் ஆகிவிடும், தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் கிளம்பும். அந்த நேரத்தில் பால் கொடுத்த கையும் தெருவில் போகிறவன் கையும் அதற்கு ஒன்றுதான். என் சுட்டுவிரலில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. வயது ஏற ஏறக் கடியும் ஆழமாயிற்று.

தங்கை மகள் லண்டனில் ஃபெரட் வளர்க்கிறாள். வீடியோவில் காட்டி, "மாமா, உங்க ஓவர்சியர் மாதிரியே இல்ல?" என்றாள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. அதே நீள உடம்பு, அதே துளை மோகம். சாவிக்கொத்தையும் காலுறையையும் திருடிக் கட்டிலுக்கடியில் சேர்க்கிறதாம். உற்சாகம் வந்தால் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஆடுகிறது. முன்னால் மேசைக்கால் இருப்பதுகூடத் தெரியாமல் முட்டிக்கொள்கிறது. ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்குமாம். இந்தத் துளை மோகத்தைக் காசாக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 1971 இல் நீளமான குழாய்களைத் துடைக்க ஃபெலிசியா என்ற ஃபெரட்டைக் கழுத்துப்பட்டையில் நூல் கட்டி உள்ளே அனுப்பினார்கள்.

ஆனால் இரண்டும் சொந்தமில்லை. ஃபெரட்டுக்கு நம் ஊர் உறவு காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாய். கீரியின் உறவெல்லாம் பூனை, புனுகுப்பூனை, கழுதைப்புலிப் பக்கம். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. முயல் வளைக்குள் விடுவதற்காக ஐரோப்பியர்கள் இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேலாக ஃபெரட்டைக் கையிலேயே இனம்பெருக்கி வந்திருக்கிறார்கள்; கிரேக்கர் ஸ்ட்ராபோ தம் நிலவியல் நூலில் அந்த வேட்டையைச் சொல்கிறார். கடிக்கிறதைக் கழித்து, கடிக்காததை வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறை! கீரிக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு குட்டியும் காட்டிலிருந்து புதிதாகவே வருகிறது. பால் கொடுத்து வளர்த்த கீரியும் பழகிய காட்டு விலங்குதான். வீட்டு விலங்கு ஆகிவிடுவதில்லை. அவளுடைய ஃபெரட் கடித்தால் அது குறும்பு. ஓவர்சியர் கடித்தால் அது கீரியாக இருந்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் இப்போது பேசுகிற பேச்சு. அன்று எனக்கு ஓவர்சியரிடம் ஒரு பெரிய மனக்குறை இருந்தது. அது பாம்பைக் கொல்லவில்லை.

கீரி என்றால் பாம்பைக் கொல்ல வேண்டும். மணப்பாறைச் சந்தைக்கு அப்பாவோடு போகும்போது பார்த்திருக்கிறேன்: முளைக்குச்சியில் கட்டிய கீரி, மூடிய கூடை, நடுவில் ஒரு ஆள். "இன்னும் சற்று நேரத்தில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை" என்று ஆரம்பிப்பார். இடையில் எழுந்து போனவன் ரத்தம் கக்குவான் என்பார். தாயத்து விற்கும், லேகியம் விற்கும், கூடை மட்டும் திறக்காது. அந்தச் சண்டையை எங்கள் மாவட்டத்தில் கண்ணால் பார்த்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்கள் ஏராளம். கடிபட்டால் கீரி ஓடிப்போய்க் கீரிப்பூண்டைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். உண்மையில் அதற்குப் பூண்டு தேவையில்லை. நாகத்தின் விஷம் தசையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கீரியின் உடலில் அந்த இடத்தின் அமைப்பு சற்று மாறியிருப்பதால் விஷம் ஒட்டுவதில்லை. எகிப்தியக் கீரியை வைத்து இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்து ஆய்வாளர்கள் 1992 இல் இதைக் காட்டினார்கள். முழுக் காப்பு அல்ல, அளவு மீறினால் கீரியும் சாகும். அதனால்தான் அது முதலில் ஆட்டம் காட்டிப் பாம்பைக் களைக்க வைத்துவிட்டு, பிறகு தலையைக் கவ்வுகிறது.

ஒருநாள் ஓவர்சியர் வைக்கோல் போருக்கு அடியிலிருந்து ஒரு பாம்பை இழுத்துக்கொண்டு வந்தது. சாரை. அதுவும் நடுத்தரச் சாரை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தலை இல்லை, தின்றுவிட்டிருந்தது. தலையில்லாத பாம்பு எந்தப் பாம்பாகவும் இருக்கலாம் என்பது எனக்கு அந்த நொடியிலேயே தோன்றியது. "நல்ல பாம்பு! படமெடுத்துச்சு, நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். கூட்டம் கூடிவிட்டது. அப்பத்தா குனிந்து செதிலைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பாம்பு செத்தால் அப்படியே எறிய மாட்டார்கள். எனவே கொல்லை மூலையில் குழி தோண்டி, பால் ஊற்றி, காசு போட்டுப் புதைத்தார்கள். ஊரில் அப்படியொரு மரியாதையோடு அடங்கிய சாரை அது ஒன்றாகத்தான் இருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் படம் இன்னும் அகலமாயிற்று. ஓவர்சியரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். முளைக்குச்சி கட்டாத குறைதான். சந்தைக்காரர் செய்த வியாபாரத்தை நான் இலவசமாகச் செய்தேன்.

எதிர்வீட்டு அக்கா கேட்டது அதற்குப் பிறகு. கூரை வீடு. வீட்டுக்காரர் மலேசியாவில். மூன்று வயதுப் பையனோடு தரையில் பாய் போட்டுப் படுப்பார். கூரையில் கட்டுவிரியன் இருப்பதாக ஒரு பயம். "தம்பி, அத நாலு நாளு எங்க வீட்டுல விடேன், அது வாடைக்கே எதுவும் அண்டாதாம்ல" என்றார். அம்மாவுக்கு மனசில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். நல்ல பாம்பைக் கொன்ற கீரியை இல்லை என்று எப்படிச் சொல்வது?

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கீரி பகலில் திரிவது. அக்கா பயந்து விழித்திருந்த நேரமெல்லாம் ஓவர்சியர் சாக்குக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இந்த எளிய கணக்கை நானும் பார்க்கவில்லை, அக்காவும் பார்க்கவில்லை. பெரிய மனிதர்களும் பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1872 இல் ஜமைக்காவில் எஸ்பியூட் என்ற கரும்புத் தோட்ட முதலாளி, எலியை ஒழிக்க இந்தியாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கப்பலில் இறக்கினார். எலி பெரும்பாலும் இரவுப் பிராணி. கீரிகள் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் பல்லி, ஓணான்களையும் தின்று பெருகின. அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கும், 1883 இல் ஹவாய்க்கும் கொண்டுபோனார்கள். ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் 1979 வாக்கில் ஹபு என்ற விஷப்பாம்பை ஒழிக்க முப்பது கீரிகளை விட்டார்கள். ஹபுவும் இரவில் திரிவது. கீரிகள் பல ஆயிரமாகி, அங்கும் பக்கத்துத் தீவு ஒன்றிலும் தவிர வேறெங்கும் இல்லாத அமாமி முயலைத் தின்ன ஆரம்பித்தன. பொறி வைத்தும் மோப்ப நாய் விட்டும் பிடித்து, தீவில் கீரியே இல்லை என்று ஜப்பான் அரசு அறிவித்தது 2024 செப்டம்பரில். ஒரு தீவே எதிர்வீட்டு அக்காவைப் போல நம்பியிருக்கிறது. அவர்களுக்கு யார் படமெடுத்த கதை சொன்னார்களோ!

அக்கா அதற்கு ஒரு முட்டை வைத்திருக்கிறார். முட்டையைச் சுவரில் அடிக்கும் வேடிக்கையைப் பார்த்துச் சிரித்த பையன், உடைந்ததும் கையை நீட்டியிருக்கிறான். நகத்தைத் துளைத்துக் கடித்துவிட்டது.

புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில், கீரிக்கும் வெறி நோய் வரும், ஊசி ஆரம்பித்தாக வேண்டும் என்றார்கள். கடித்த பிராணியைக் கட்டி வைத்துப் பாருங்கள், பத்து நாள் நன்றாக இருந்தால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஓவர்சியரைக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் வைத்து மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார் அப்பா. மாலையில் வந்த சித்தப்பா, "பாத்துக்கிட்டு இருக்கறது என்ன, அடிச்சுப் போட்டா சோலி முடிஞ்சுது" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விடியுமுன் எழுந்து குழவியை நகர்த்தினேன். கண்மாய்க் கரை வரை சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அது கரையில் ஒரு பொந்தை எட்டிப் பார்த்தது, நுழைந்தது. திரும்பி வந்து பஞ்சாரத்துக்கு அடியில் மண் தரையை நகத்தால் பறித்து ஒரு குழி செய்து வைத்தேன், தானே தோண்டித் தப்பியது போல இருக்க. நன்றாகவே செய்திருந்தேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பத்தா மட்டும் என் விரல் நகத்தைப் பார்த்தாள்.

பார்ப்பதற்குப் பிராணி இல்லை என்றானதும் ஊசியை நிறுத்த வழியில்லை. அன்றைய ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. வயிற்றில்தான் போடுவார்கள். ஒன்று விடாமல் போட்டார்கள். அக்கா விடிகாலையில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நிற்பதைத் திண்ணையிலிருந்து பார்ப்பேன். அவன் பேருந்தைக் கண்டதும் அழ ஆரம்பித்துவிடுவான். அக்கா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வாயில்லா ஜீவன், அது என்ன பண்ணும்" என்று என் அம்மாவைத்தான் தேற்றினார். அந்த ஆட்டு மூளை மருந்து சிலருக்கு நரம்பைத் தாக்கிக் கை கால் விழச் செய்திருக்கிறது என்பதும், அதனாலேயே 2004 இல் நாட்டில் அதைக் கைவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தபோது எனக்கே குழந்தைகள் இருந்தன. இப்போதைய ஊசி கையில் போடுவது, நாலைந்தோடு முடிந்துவிடும்.

உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையைச் சொன்னார். பிள்ளையைக் காத்த கீரியைத் தவறாக எண்ணிக் கொன்ற பார்ப்பனி. அவளை விட்டு வடக்கே போன கணவன். அவன் கொடுத்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வணிகர் தெருவில் அலைந்தவளின் பாவம் தீரப் பொருள் கொடுத்துத் தானம் செய்வித்து, கணவனோடு சேர்த்து வைத்த கோவலன். இதே கதை பஞ்சதந்திரத்திலும் உண்டு. வேல்ஸ் நாட்டில் கீரியின் இடத்தில் கெலர்ட் என்ற நாய்; அதற்குச் சமாதிகூடக் காட்டுகிறார்கள். எங்கே சொன்னாலும் அவசரப்பட்டவள், அவசரப்பட்டவன் என்றுதான் முடிப்பார்கள். வகுப்பில் எனக்கு மட்டும் அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. ரத்தவாயோடு தொட்டில் பக்கத்திலிருந்து வரும் கீரியைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் அந்த எண்ணம்தான் வரும். கீரி பாம்பைக் கொன்றது, அது பாம்பு என்பதால், பிள்ளைக்காக அல்ல. பிள்ளையின் கையில் முட்டை இருந்திருந்தால் கதை வேறு. இதை எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்.

ஓவர்சியரை நான் வெறுக்கவில்லை. இன்றைக்கும் இலுப்பூரிலிருந்து விராலிமலை போகும் வழியில் சாலையைக் குறுக்காகக் கடந்து, மறுபக்கம் போய் ஒரு தடவை நிமிர்ந்து நின்று பார்க்கிற கீரிகளைக் கண்டால் வண்டியை நிறுத்திவிடுகிறேன். அதன் முடிக்கு இப்போது வேறொரு எமன் இருக்கிறான்: ஓவியத் தூரிகை. ஒரு கிலோ முடிக்கு ஏறத்தாழ ஐம்பது கீரிகளைக் கொல்ல வேண்டியிருக்கும் என்கிறார்கள் காட்டுயிர் ஆர்வலர்கள். பேரன் பேத்திக்குத் தூரிகை வாங்குகிறவர்கள் செயற்கை முடியா என்று கேட்டு வாங்கினால் போதும்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் வேலை. திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் பார்ப்போம். போன முறை டீக்கடையில் தன் மகனுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்: ஆறடி நாகத்தைக் கொன்ற கீரி தன்னைக் கடித்ததை, தான் அழாமல் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டதை. அங்கே கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியுமாம். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அது சாரைடா. படமெல்லாம் எடுக்கல. நான் சும்மா சொன்னேன்" என்றேன்.

"அட போங்கண்ணே. உங்களுக்கு மறந்துபோச்சு. எங்கம்மா நேர்ல பாத்திருக்காங்க" என்றான்.

பஞ்சாரத்தைப் பற்றி அன்று சொல்லவில்லை. பையன் பக்கத்தில் இருந்தான். இந்த இதழ் சிங்கப்பூரிலும் கிடைக்கிறது என்கிறார்கள்.